சாய்தளக் கணக்கில் விடை தப்பினால்: அறிகுறியை வைத்துப் பிழை நீக்கும் வழிமுறை

பதினொன்றாம் வகுப்பில் இயக்க விதிகள் பாடம் தொடங்கியதிலிருந்து நீட், ஜேஇஇ தேர்வு அறை வரைக்கும் சாய்தளம் விடாமல் கூடவே வரும். பிள்ளைகள் வழுக்கி விழுகிற இடங்களும் வருஷா வருஷம் அதேதான். விடைத்தாள் திருத்தித் திருத்தி எனக்கு ஒன்று பழகிவிட்டது. கடைசி வரியில் இருக்கும் தப்பான எண்ணைப் பார்த்தாலே தப்பு எந்த வரியில் நடந்தது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். நல்ல மெக்கானிக் வண்டியைப் பிரிப்பதற்கு முன் சத்தத்தைக் கேட்பார் இல்லையா, அதே மாதிரி. அதனால் விடை ஒத்துப்போகவில்லை என்றதும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்காதீர்கள். வந்த எண்ணை வைத்துக்கொண்டு கீழே உங்கள் அறிகுறியைத் தேடுங்கள்.

முதலில் ஒரு சோதனைக் கணக்கு. 30° சாய்தளம், 4 கிலோ கட்டை, உராய்வுக் குணகம் 0.2, புவியீர்ப்பு முடுக்கம் ஜி 10 மீ/வி². கட்டையைக் கையிலிருந்து விடுகிறோம், கீழே சறுக்குகிறது. முடுக்கம் என்ன?

எடை, அதாவது எம்ஜி (நிறை × ஜி), 40 நியூட்டன். சரிவுக் கோணம்தான் தீட்டா. தளத்தின் வழியே அதன் கூறு, அதாவது எம்ஜி சைன் தீட்டா, 20 நியூட்டன். தளத்துக்குச் செங்குத்தான கூறு, எம்ஜி காஸ் தீட்டா, 34.64 நியூட்டன். தளமும் கட்டையை அதே அளவு விசையோடு தனக்குச் செங்குத்தாகத் திருப்பித் தள்ளுகிறது, அதுதான் செங்குத்து விசை. உராய்வு 0.2 × 34.64 = 6.93. மிச்சம் 13.07 நியூட்டன். 4 ஆல் வகுத்தால் 3.27 மீ/வி². வேறு எந்தச் சாய்தளக் கணக்கில் சந்தேகம் வந்தாலும், உங்கள் முறையை இந்தக் கணக்கில் ஓட்டிப் பாருங்கள். 3.27 வராவிட்டால் என்ன வருகிறது என்பதுதான் கேள்வி.

## அறிகுறி 1: எண் வருகிறது, ஆனால் புத்தக விடை அது இல்லை

3.20 வந்தால் ஒன்றும் பழுதில்லை. நீங்கள் ஜி 9.8 என்று போட்டிருக்கிறீர்கள், புத்தகம் 10 என்று போட்டிருக்கிறது. கேள்வியை மறுபடி படித்துவிட்டு நகருங்கள்.

13.07 வந்தால் அது முடுக்கமே இல்லை, நிகர விசை. நிறையால் வகுக்க மறந்துவிட்டீர்கள். அலகு எழுதுகிற பழக்கம் இருந்தால் இந்தத் தப்பு அந்த வரியிலேயே மாட்டிக்கொள்ளும்.

6.73 வந்தால் உராய்வைக் கழிக்க வேண்டிய இடத்தில் கூட்டியிருக்கிறீர்கள். கட்டை கீழே போனால் உராய்வு மேல்நோக்கி, கட்டை மேலே போனால் உராய்வு கீழ்நோக்கி. படத்தில் முதலில் இயக்கத்தின் அம்புக்குறியை வெளியே தனியாகப் போட்டுவிட்டு, அதற்கு எதிராக உராய்வை வரையுங்கள்.

3.0 வந்தால் செங்குத்து விசையை எம்ஜி என்று எடுத்திருக்கிறீர்கள். உராய்வு 0.2 × 40 = 8 ஆகிவிட்டது. சமதளக் கணக்குகளை நிறையப் போட்ட கை இப்படித்தான் எழுதும். இதில் ஆபத்து என்னவென்றால், 3.0 என்பது 3.27-க்குப் பக்கத்திலேயே இருக்கிறது. "தோராயத்தில் கொஞ்சம் மாறியிருக்கும் சார்" என்று பிள்ளைகள் சமாதானம் சொல்லிக்கொள்வது இங்கேதான்.

4.0 வந்தால் தளத்தின் வழியே கூறு சரி, ஆனால் செங்குத்து விசைக்கும் சைனையே போட்டிருக்கிறீர்கள். 2.69 வந்தால் செங்குத்து விசை எம்ஜியைக் காஸால் வகுத்து வந்திருக்கிறது. எடையைப் பிரிப்பதை விட்டுவிட்டு, செங்குத்து விசையை நேர்மேலாகவும் பக்கவாட்டாகவும் பிரித்திருப்பீர்கள். அந்த வழியும் செல்லும்தான், ஆனால் உராய்வும் இல்லாமல், கட்டைக்கு நேர்மேல் திசையில் முடுக்கமும் இல்லாதபோது மட்டும். இங்கே இரண்டும் இருக்கின்றன, அதனால் செல்லாது.

7.66 வந்தால் சைனும் காஸும் இடம் மாறிவிட்டன. இருப்பதிலேயே அதிகம் நடக்கிற பழுது இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

இந்தத் தப்பு செய்த தாள்களில் படம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். சாய்தளத்தை 45°-க்கு நெருக்கமாக வரைந்திருப்பார்கள். எடையின் அம்பு நேர்கீழாகப் போகாமல் கொஞ்சம் சாய்ந்திருக்கும். தீட்டாவை எடைக்கும் சாய்தளக் கோட்டுக்கும் நடுவில் குறித்திருப்பார்கள். அங்கே இருப்பது தீட்டா இல்லை, 90° கழித்தல் தீட்டா. எடையின் அம்புக்கும், தளத்துக்குச் செங்குத்தாகக் கீழே நீட்டிய புள்ளிக்கோட்டுக்கும் நடுவில் இருப்பதே தீட்டா.

சரிபார்க்க மூன்று வழி. செலவு குறைந்தது முதலில்:

கோணத்தைப் பூச்சியமாக்குங்கள். தரை சமமாகிவிட்டால் கட்டையை இழுக்க எதுவும் இருக்கக் கூடாது. உங்கள் சூத்திரத்தில் தளத்தின் வழியே கூறு பூச்சியம் ஆகிறதா? காஸ் போட்டிருந்தால் முழு எம்ஜி நிற்கும், அப்போதே தெரிந்துவிடும். பத்து விநாடி வேலை இது. தேர்வு அறையிலும் செய்யலாம்.

அடுத்து, படத்தை 15° அல்லது 20° சரிவில் மறுபடி வரையுங்கள். சரிவு குறைந்தால் சின்னக் கோணம் எது, பெரிய கோணம் எது என்று கண்ணுக்கே தெரியும். 45°-இல் வரைந்தால் இரண்டு கோணமும் ஒன்றுபோலத் தெரிந்து ஏமாற்றும். 45° கணக்குகளில் சைனும் காஸும் ஒரே எண் என்பதால், தப்பான வழியில் போனாலும் சரியான விடை வந்துவிடும். வீட்டுப்பாடத்தில் 45° கணக்கு சரியாக வந்ததை வைத்து முறை சரி என்று நினைக்காதீர்கள்.

இரண்டும் பிடிபடவில்லை என்றால் பழுது இயற்பியலில் இல்லை, செங்கோண முக்கோணத்தில் இருக்கிறது. இயற்பியல் ஆசிரியரைத் தேடாமல், கணக்கு ஆசிரியரிடம் போய் முக்கோணவியல் விகிதங்களை ஒருமுறை உட்கார்ந்து கேளுங்கள். ஒரு மாலை போதும்.

இன்னொன்று: நீட்டில் சரியான விடைக்கு 4 மதிப்பெண், தப்புக்கு 1 கழிக்கிறார்கள். கேள்வி தயாரிப்பவருக்கும் மேலே சொன்ன எண்கள் எல்லாம் தெரியும். 3.0, 7.66 இரண்டும் விருப்பங்களில் உட்கார்ந்திருக்கும். உங்கள் விடை நான்கில் ஒன்றாக இருக்கிறது என்பது சரி என்பதற்குச் சாட்சி இல்லை.

## அறிகுறி 2: முடுக்கம் 10-ஐத் தாண்டுகிறது, அல்லது அபத்தமான குறியோடு வருகிறது

வெறுமனே சறுக்கவிட்ட கட்டைக்கு ஜியைவிடப் பெரிய முடுக்கம் வரவே வராது. வந்தால் கணக்கைத் தொடாதீர்கள். முதலில் கால்குலேட்டரைப் பாருங்கள்.

சைன் 30 அழுத்துங்கள். 0.5 வந்தால் நல்லது. −0.988 வந்தால் ரேடியனில் இருக்கிறது. 0.454 வந்தால் கிரேடியன் என்ற, நம்மில் யாருக்கும் தேவைப்படாத அளவில் இருக்கிறது. நம் சோதனைக் கணக்கை ரேடியனில் ஓட்டினால் −10.19 வரும். இந்தப் பழுது பள்ளியைவிடப் பாலிடெக்னிக், பொறியியல் முதலாண்டுப் பிள்ளைகளிடம்தான் அதிகம். கணக்குத் தேர்வுக்கு ரேடியனில் வைத்ததை யாரும் திருப்பி வைப்பதில்லை.

மடக்கை அட்டவணை பார்ப்பவர்களுக்கு வேறு பழுது: இயற்கை சைன் பக்கத்தில் சராசரி வேறுபாட்டைக் கூட்ட வேண்டும், காஸ் பக்கத்தில் கழிக்க வேண்டும். காஸிலும் கூட்டியிருந்தால் விடை மூன்றாவது நான்காவது தசமத்தில் பிசகும்.

கால்குலேட்டர் சரி, அட்டவணையும் சரி என்றால் அறிகுறி 1-க்குத் திரும்புங்கள்.

## அறிகுறி 3: கையிலிருந்து விட்ட கட்டை மேலே ஏறுகிறது

கணக்கை மாற்றுவோம். சரிவு 20°, ஓய்வுநிலை உராய்வுக் குணகம் 0.5, இயக்க உராய்வுக் குணகம் 0.4, அதே 4 கிலோ. பிள்ளை எழுதுகிறது: கீழே இழுப்பது 13.68, உராய்வு 0.4 × 37.59 = 15.04, முடுக்கம் −0.34. "ஆகவே கட்டை 0.34 மீ/வி² முடுக்கத்துடன் மேல்நோக்கிச் செல்லும்" என்று அடிக்கோடிட்டு முடிக்கிறது. சும்மா வைத்த கட்டை தானாக மலை ஏறுவதை எழுதும்போது கை நிற்கவில்லை.

கட்டை ஓய்வில் இருந்து விடப்பட்டதா? அப்படியானால் முதல் வேலை, அது நகருமா என்று பார்ப்பது. சரிவுக் கோணத்தின் டேன் மதிப்பை ஓய்வுநிலைக் குணகத்தோடு ஒப்பிடுங்கள். டேன் 20° = 0.364, குணகம் 0.5. டேன் சிறியது, கட்டை நகராது. முடுக்கம் பூச்சியம். இந்தக் குணகத்துக்குச் சறுக்குக் கோணம் ஏறக்குறைய 26.6°. அதைத் தாண்டினால்தான் பேச்சே.

நகராது என்று சரியாகச் சொன்ன பிறகும் இன்னொரு குழி இருக்கிறது. "உராய்வு விசை எவ்வளவு?" என்று கேட்டால் 0.5 × 37.59 = 18.79 என்று எழுதுகிறார்கள். அது உராய்வு கொடுக்க முடிந்த உச்சம். கட்டையைப் பிடித்து நிறுத்த 13.68 போதும், ஆகவே உராய்வு 13.68 மட்டுமே. 18.79 இருந்தால் மறுபடி கட்டை மேலே ஏறும்!

கட்டை ஏற்கெனவே கீழ்நோக்கித் தள்ளிவிடப்பட்டதா? அப்போது −0.34 சரியான விடை. கட்டை வேகம் குறைந்துகொண்டே போய் நிற்கும். நின்றபின் அங்கேயே கிடக்கும். ஒரே எண், ஒரு கேள்விக்குச் சரி, இன்னொன்றுக்குத் தப்பு. கேள்வியில் "ஓய்வில் இருந்து" என்ற சொல் இருக்கிறதா என்று அடிக்கோடு போடுங்கள்.

## அறிகுறி 4: ஏறிய நேரமும் இறங்கிய நேரமும் ஒன்றாக வருகிறது

சோதனைக் கணக்கின் கட்டையை அடியிலிருந்து 10 மீ/வி வேகத்தில் மேலே தள்ளுகிறோம். திரும்பி அடிக்கு வர மொத்தம் எவ்வளவு நேரம்?

2.97 விநாடி வந்தால், இடப்பெயர்ச்சி பூச்சியம் என்று வைத்து ஒரே சமன்பாட்டில் முடித்திருக்கிறீர்கள். வழவழப்பான தளமாக இருந்தால் அது செல்லும். உராய்வு இருந்தால் உச்சியில் அது திசை மாறுகிறது, முடுக்கமும் மாறுகிறது. பயணத்தை உச்சியில் இரண்டாக வெட்ட வேண்டும்.

ஏறும்போது 6.73 எதிர்முடுக்கம்: தூரம் 7.43 மீட்டர், நேரம் 1.49 விநாடி. இறங்கும்போது 3.27: நேரம் 2.13 விநாடி. மொத்தம் 3.62. இறங்குவதற்கு எப்போதும் அதிக நேரம், அடிக்கு வரும் வேகம் எப்போதும் குறைவு. இங்கே 6.97 மீ/வி.

சரிபார்க்க ஆற்றலைப் பிடியுங்கள். தொடக்கத்தில் 200 ஜூல். உராய்வு போக, வர இரண்டு தடவையும் தின்றது 6.93 × 14.86, ஏறக்குறைய 103 ஜூல். மிச்சம் 97. அதிலிருந்து வேகம் எடுத்தால் அதே 6.97 வர வேண்டும். வராவிட்டால் உராய்வின் வேலையை ஒருவழிக்கு மட்டும் கழித்திருப்பீர்கள்.

உச்சியில் இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: நின்ற கட்டை திரும்புமா? டேன் 30° = 0.577, குணகம் 0.2, திரும்பும். அறிகுறி 3-இன் 20° சரிவாக இருந்தால் அங்கேயே நின்றுவிடும், இறங்கும் நேரம் என்ற கேள்விக்கே இடமில்லை.

## அறிகுறி 5: கிடைமட்டமாகத் தள்ளும் கணக்கு மட்டும் எப்போதும் தப்புகிறது

தளத்துக்கு இணையாகத் தள்ளினால் சரியாக வருகிறது, கிடைமட்டம் என்றால் தப்புகிறது என்பவர்கள் ஒரே ஒரு இடத்தைப் பாருங்கள்: செங்குத்து விசை. கிடைமட்டத் தள்ளலில் ஒரு பகுதி கட்டையை மேலே ஏற்றுகிறது, இன்னொரு பகுதி கட்டையைத் தளத்தோடு அழுத்துகிறது. அந்த அழுத்தும் பகுதியைச் செங்குத்து விசையில் சேர்க்காமல் விட்டிருப்பீர்கள்.

சோதனைக் கட்டையைச் சீரான வேகத்தில் மேலே ஏற்ற எவ்வளவு கிடைமட்ட விசை வேண்டும்? 31.1 நியூட்டன் வந்தால் அழுத்தும் பகுதி விடுபட்டது. சரியான விடை 35.15. செங்குத்து விசை என்ற ஒரு வரியைத் தனியாக, முதலில் எழுதுங்கள். தளத்தின் வழியேயான சமன்பாட்டை அதற்குப் பிறகு தொடுங்கள். வரிசை மாறினால்தான் எம்ஜி காஸ் தீட்டா மனப்பாடத்திலிருந்து வந்து உட்கார்ந்துகொள்கிறது.

விசை எதிர்க்குறியில் வந்தால் பயப்பட வேண்டாம். 60° சரிவு, குணகம் 0.6 என்று போட்டுப் பாருங்கள். விசையைக் கண்டுபிடிக்க வகுக்கும் எண், அதாவது காஸ் தீட்டா கழித்தல் குணகம் × சைன் தீட்டா, 0.5 − 0.52 ஆகிறது, எதிர்க்குறி. பொருள் இதுதான்: எவ்வளவு பலமாகத் தள்ளினாலும் கட்டை மேலே ஏறாது. தள்ளத் தள்ள அழுத்தமும் உராய்வும் சேர்ந்து கூடுகின்றன.

## அறிகுறி 6: கப்பி சேர்ந்தால் இழுவிசை சரியாக வரவில்லை

4 கிலோ கட்டை 30° வழவழப்பான தளத்தில், கப்பியின் மறுபக்கம் 3 கிலோ தொங்குகிறது. இழுவிசை 30 என்று எழுதினால் தொங்கும் பொருள் அசையாமல் நிற்கிறது என்று பொருள். அசைகிறது. முடுக்கம் 10 ÷ 7 = 1.43, இழுவிசை 25.7. எளிய சோதனை: இழுவிசை 20-க்கும் 30-க்கும் நடுவில் இருந்தாக வேண்டும்.

உராய்வும் சேர்ந்தால் திசையை ஊகிக்காதீர்கள். முதலில் உராய்வே இல்லை என்று வைத்து எந்தப் பக்கம் இழுக்கிறது, எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். இங்கே 10 நியூட்டன் மிச்சம், உராய்வின் உச்சம் 6.93. நகரும், முடுக்கம் 0.44. தொங்குவது 2.5 கிலோவாக இருந்தால் மிச்சம் 5 தான், உராய்வு அதைச் சமாளித்துவிடும், எதுவும் நகராது.

## அறிகுறி 7: உருளும் பந்துக்கு ஜி சைன் தீட்டா வருகிறது

உருளும் பொருளை வழுக்கும் கட்டையாக நினைத்துவிட்டீர்கள். 30°-இல் வழவழப்பாகச் சறுக்கினால் 5. வழுக்காமல் உருண்டால் திண்கோளத்துக்கு 3.57, வட்டத்தட்டுக்கு 3.33, வளையத்துக்கு 2.5. நிறையும் ஆரமும் விடையில் வரக் கூடாது. வந்தால் நிலைமத் திருப்புத்திறனில் எங்கோ அடிபடாமல் நின்றுவிட்டது. கலிலியோ சாய்தளத்தில் உருட்டியதும் வெண்கலக் குண்டுகளைத்தான். அவருக்குத் தேவைப்பட்டது தூரத்துக்கும் நேரத்துக்கும் உள்ள உறவு, அதனால் இந்த வேறுபாடு அவர் வேலையைக் கெடுக்கவில்லை. நம் விடைத்தாளைக் கெடுக்கும்.

கோளத்துக்கு விடை 3.57-ஐவிடக் குறைவாக வந்தால், ஆற்றல் சமன்பாட்டில் உராய்வின் வேலையைக் கழித்திருக்கிறீர்களா என்று பாருங்கள். வழுக்காமல் உருளும்போது தொடும் புள்ளி அசைவதில்லை, உராய்வு ஆற்றலைத் தின்பதில்லை.

பலர் விட்டுவிடும் சோதனை ஒன்று: உருளுவதற்கு உராய்வு போதுமா? கோளத்துக்குத் தேவை டேன் தீட்டாவில் 2/7 பங்கு, தட்டுக்கு 1/3, வளையத்துக்குப் பாதி. 30°-இல் இவை 0.165, 0.192, 0.289. நம் தளத்தின் குணகம் 0.2. கோளம் உருளும், தட்டு மயிரிழையில் உருளும், வளையம் வழுக்கிக்கொண்டே போகும். வளையத்தின் முடுக்கம் 2.5 இல்லை, நம் பழைய 3.27. கேள்வியில் "வழுக்காமல்" என்று இருந்தால் இந்தச் சோதனை வேண்டாம். குணகம் கொடுத்திருந்தால் கட்டாயம் வேண்டும்.

## அறிகுறி 8: செய்முறையில் வரைபடம் ஆதிப்புள்ளி வழியாகப் போகவில்லை

உருளையைச் சரிவில் வைத்து, விசைக்கும் சைன் தீட்டாவுக்கும் வரைபடம் போடும் செய்முறையில் இது வழக்கம். முதலில் எடைக்கற்களை வைக்கும் தட்டின் எடையைச் சேர்த்தீர்களா என்று பாருங்கள். எடைக்கற்களை மட்டும் குறித்தால் எல்லாப் புள்ளிகளும் ஒரே அளவு இறங்கி நிற்கும். அடுத்து நூல் தளத்துக்கு இணையாக இருக்கிறதா, கப்பி தடையில்லாமல் சுழல்கிறதா என்று பாருங்கள். உருளை சீராக இறங்கும்போது ஒரு எடை, சீராக ஏறும்போது ஒரு எடை எடுத்துச் சராசரி போட்டால் உராய்வு அடிபட்டுவிடும். இவ்வளவுக்குப் பிறகும் கோடு வளைந்தால் கோணமானி ஆடுகிறதா என்று ஆய்வக உதவியாளரிடம் காட்டுங்கள். அதை நீங்கள் திருகிச் சரிசெய்ய வேண்டாம்.

## அறிகுறி 9: தளமே நகர்கிறது

இங்கேதான் ஆசிரியரைத் தேட வேண்டும். ஆனால் மூன்று கிளை இருக்கிறது, கடைசிக் கிளைக்கு மட்டும்தான் ஆசிரியர் தேவை.

லிஃப்டுக்குள் சாய்தளம் என்றால் நீங்களே முடிக்கலாம். லிஃப்ட் 2 மீ/வி² முடுக்கத்தில் மேலே போனால் 10-க்குப் பதில் 12 போடுங்கள். தளத்தைப் பொறுத்த முடுக்கம் 3.92 வரும்.

ஆப்பு வடிவத் தளத்தைக் குறிப்பிட்ட முடுக்கத்தில் பக்கவாட்டில் தள்ளுகிறார்கள், கட்டை வழுக்கக் கூடாது என்றால், வழவழப்பான தளத்துக்கு ஜி டேன் தீட்டா, 30°-இல் 5.77. இங்கே செங்குத்து விசை 46.19, அதாவது எம்ஜியைக் காஸால் வகுத்தது. அறிகுறி 1-இல் 2.69 கொடுத்த அதே வரி இங்கே சரியான வரி.

மூன்றாவது, ஆப்பு வழவழப்பான தரையில் சும்மா கிடக்கிறது, கட்டை இறங்க இறங்க ஆப்பு பின்னுக்குப் போகிறது. இதில் கட்டைக்கு இரண்டு சமன்பாடு, ஆப்புக்கு ஒன்று, இரண்டும் ஒட்டியே இருக்கும் என்ற நிபந்தனை ஒன்று. அந்த நிபந்தனையைத்தான் தனியாகப் படித்துப் பிடிப்பது கஷ்டம். இரண்டு முறை முயன்றும் வரவில்லை என்றால் நேரத்தைக் கரைக்காதீர்கள், ஆசிரியரிடம் போங்கள். போகும்போது கட்டைக்கு ஒன்று, ஆப்புக்கு ஒன்று என்று இரண்டு தனித்தனி விசைப்படங்களை வரைந்து எடுத்துப் போங்கள். "முழுக் கணக்கையும் போட்டுக் காட்டுங்கள்" என்று கேட்காமல் "நிபந்தனைச் சமன்பாடு எப்படி எழுதுவது" என்று மட்டும் கேளுங்கள். அவர் சொன்ன பிறகு 4 கிலோ கட்டை, 8 கிலோ ஆப்பு, 30° என்று வீட்டில் போட்டுப் பாருங்கள். செங்குத்து விசை 30.79 வர வேண்டும். ஆப்பின் நிறையை 8000 கிலோவாக்கினால் அது 34.64-ஐத் தொட வேண்டும்.